கூவத்தில் ஏன் பீரங்கிப் படகு ஓடவில்லை?

சிந்தாதிரிப்பேட்டையின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் கோட்டை கட்டத் தோதான இடம் என்றே தோன்றும். மூன்று பக்கமும் கூவம் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. அகழி வெட்டும் செலவு மிச்சம். ஆனால் 1734-இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் இந்த வளைவைத் தேர்ந்தெடுத்தது நெசவாளர்களுக்காக. சுங்குராமச் செட்டியாரின் தோட்டமாக இருந்த இடத்தில் நூற்பவர், நெய்பவர், சாயம் போடுபவர், வெளுப்பவர் எல்லாரையும் குடியேற்றி, கம்பெனியின் துணி ஏற்றுமதிக்கு ஒரு வழி செய்தார். ஆற்றின் வேலை துணி அலசத் தண்ணீர் கொடுப்பது. அதில் போர்ப்படகு மிதக்கவிடும் பேச்சுக்கே இடமில்லை.

ஏன் இல்லை? வங்காளத்தில் முகலாயர்களுக்கு ‘நவ்வாரா’ என்ற பெரிய ஆற்றுப் படகுப்படை இருந்தது. அசாமில் ஆகோம் அரசின் படகுகள் 1671-இல் சராய்காட்டில், லாசித் போர்புகன் தலைமையில், பிரம்மபுத்திராவின் நடுவே அதே முகலாயரைத் தோற்கடித்தன. பர்மிய மன்னர்களின் போர்ப்படகுகள் ஐராவதியை ஆண்டன. கடலே இல்லாத பராகுவே நாடு இன்றும் ஆற்றை நம்பிக் கடற்படை வைத்திருக்கிறது. 1025-இல் கடல் தாண்டிக் கடாரம் வரை போன சோழநாட்டுக்கோ, பிறகு வந்த சென்னைப்பட்டினத்துக்கோ சொல்லிக்கொள்ளும்படி ஒரு நதிப்படை அமையவில்லை. வீரக் குறைவும் இல்லை, மரக் குறைவும் இல்லை. குறை தண்ணீரில்தான் இருந்தது.

அந்தக் குறை ஒரு போரின் போக்கையே தீர்மானித்ததைப் பார்க்கச் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் போதும். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீனின் மகன் மாபூஸ்கான், சுமார் 10,000 பேருடன் சாந்தோம் பக்கம் அடையாற்றின் வடகரையை அடைத்துக்கொண்டு நின்றார். புதுச்சேரியிலிருந்து உதவிக்கு வந்த கேப்டன் பாராடியிடம் இருந்தவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான். அவர்களிலும் பெரும்பாலோர் நம்மூர்ச் சிப்பாய்கள். பாராடி பாலம் தேடவில்லை, படகும் தேடவில்லை. ஆற்றில் இறங்கி நடந்து மறுகரை ஏறினார். வரிசையாகச் சுட்டு, துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்த அந்தச் சிறு படையின் முன்னால் பெரும்படை கலைந்தது.

ஐரோப்பியக் கட்டுப்பாட்டுக்கும் துப்பாக்கிப் பயிற்சிக்கும் கிடைத்த வெற்றி என்று வரலாற்று நூல்கள் இதைச் சொல்லும். உண்மைதான். ஆனால் முகத்துவாரத்துக்கு அருகிலேயே ஒரு படை காலால் கடக்கும்படி ஆறு கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாபூஸ்கானிடம் பீரங்கி வைத்த படகுகள் நாலைந்து இருந்திருந்தால் பாராடியின் ஆட்கள் தண்ணீரிலேயே மடிந்திருப்பார்கள். ஆள் நடக்கும் ஆற்றில் அந்தப் படகுகள் ஓடவும் முடியாது என்பதுதான் சங்கடம்.

சென்னை ஆறுகளின் இந்த நிலைக்குக் காரணம் இரண்டு. கூவம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமே உள்ள, வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஆறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சில வாரங்கள் பொங்கி ஓடும். மற்ற மாதங்களில் அதற்கு இழுப்பே கிடையாது. இன்னொரு காரணம் கடல். தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதும் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலை வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. துறைமுகச் சுவர் எழுந்தபின் அதன் தெற்கே இந்த மணல் தேங்கித்தான் மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று ராயபுரம் பக்கம் கரை அரித்தது. அதே மணல் கூவம், அடையாறு முகத்துவாரங்களிலும் திட்டாகப் படிகிறது. அதைத் தள்ளிவிட ஆற்றின் வேகமோ கடலின் ஏற்ற இறக்கமோ வேண்டும். இங்கே ஓதத்தின் உயர வேறுபாடு சுமார் ஒரு மீட்டர்தான். வாயில் சாத்திக்கொள்கிறது.

காவிரி பெரிய ஆறாயிற்றே என்று கேட்கலாம். 2007-இல் காவிரி நடுவர் மன்றம் எடுத்துக்கொண்ட கணக்கு ஆண்டுக்கு 740 டி.எம்.சி. ஆண்டு முழுவதும் சீராகப் பரப்பினால் நொடிக்குச் சுமார் 660 கன மீட்டர் வருகிறது. ஐராவதியின் சராசரி நொடிக்கு 13,000 கன மீட்டர் அளவில். பிரம்மபுத்திரா 20,000 அளவில். அதாவது காவிரியைப் போல இருபது சேர்ந்தால் ஓர் ஐராவதி, முப்பது சேர்ந்தால் ஒரு பிரம்மபுத்திரா. அந்த 660-உம் சீராக வருவதில்லை. ஆடியில் கரைபுரண்டு பங்குனியில் மணலாகிவிடும். இப்படிப்பட்ட ஆற்றுக்கு நம்மவர்கள் கண்டுபிடித்த சரியான வாகனம் பரிசல். இரண்டு மீட்டர் விட்டமுள்ள பரிசலில் தன் எடையோடு சேர்த்து 600 கிலோ ஏற்றினாலும் அது தண்ணீருக்குள் சுமார் 20 சென்டிமீட்டர்தான் இறங்கும். ஒகேனக்கல்லில் இன்றும் ஓடுகிறது. ஆளையும் மூட்டையையும் அக்கரை சேர்க்கும். பீரங்கியை வைத்துச் சுட்டால் சுற்றத் தொடங்கிவிடும்.

படகின் அடி தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கி நிற்கிறது என்பதைக் கப்பல்காரர்கள் டிராஃப்ட் என்கிறார்கள். நதிப்படையின் பொறியியல் முழுவதும் இந்த ஒரு எண்ணைக் குறைக்கும் போராட்டம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும் என்பது ஆர்க்கிமிடீஸ் காலத்துக் கணக்கு. எடையைக் குறைக்க முடியாவிட்டால் அடிப்பரப்பை அகலமாக்க வேண்டும். டான்யூப் ஆற்றில் ஆஸ்திரியா-ஹங்கேரி வைத்திருந்த ‘போட்ராக்’ என்ற போர்ப்படகு 58 மீட்டர் நீளம், 9.5 மீட்டர் அகலம், 440 டன் எடை. இவ்வளவு இரும்பும் தண்ணீருக்குள் இறங்கியது 1.2 மீட்டர்தான். 1914 ஜூலை கடைசியில் பெல்கிரேடு மீது அது சுட்ட குண்டுகளை முதல் உலகப் போரின் முதல் குண்டுகள் என்பார்கள்.

டிராஃப்ட் குறைந்தால் மட்டும் போதாது. ஆழமில்லாத தண்ணீரில் படகு எழுப்பும் அலைக்கு ஒரு வேக வரம்பு உண்டு. அது ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் ஆழத்தில் அந்த வரம்பு மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர். ஒரு மீட்டர் ஆழத்தில் வெறும் 11. வரம்பை நெருங்கும்போது படகு தன் அலையின் மீதே ஏறப் பார்ப்பதுபோல் எதிர்ப்பு எகிறும், பின்பக்கம் அமிழும், அடி மணலில் இடிக்கும். எத்தனை குதிரைத்திறன் எஞ்சின் பூட்டினாலும், ஒரு மீட்டர் ஆழமுள்ள ஆற்றில் கனமான போர்ப்படகால் கரையில் போகும் சைக்கிள்காரரை முந்துவது கடினம்.

சென்னையிடம் தண்ணீர் இல்லை. ஆனால் ஆட்கள் இருந்தார்கள். பெரிய ஆற்றுப் போர்களில் சென்னைப் படை பங்கெடுத்தது, சொந்த ஆற்றில் அல்ல, அடுத்தவன் ஆற்றில்.

கூவத்தின் போக்கிலேயே கிழக்கே போனால் தீவுத்திடலில் குதிரைமேல் அங்கவடி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் சர் தாமஸ் மன்றோ. அங்கவடியைப் பற்றிப் பேசாத சென்னைவாசி இல்லை. அவர் கவர்னராக இருந்தபோது ஒரு பெரிய ஆற்றுப் போருக்கு ஆளும் அரிசியும் அனுப்பினார் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. 1824 மார்ச்சில் கம்பெனி பர்மா மீது போர் அறிவித்தது. வங்காளப் படைச் சிப்பாய்களில் பலர் கடல் தாண்டத் தயங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பாரக்பூரில் ஒரு ரெஜிமெண்டே கலகம் செய்தது. அந்தத் தயக்கத்தால் மே மாதமே ரங்கூன் போன படையின் பெரும்பகுதி சென்னைச் சிப்பாய்களால் நிரம்பியது. அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸில் கூடி, மே 11-ஆம் தேதி ரங்கூனைப் பிடித்தார்கள். பிடித்த மறுகணமே மாட்டிக்கொண்டார்கள். ஊர் காலி, மக்கள் படகுகளையும் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மழை தொடங்கிவிட்டது. பர்மாவில் தலைநகருக்குப் போகும் பெருவழி என்றால் அது ஐராவதி. படகில்லாதவனுக்கு அந்த வழி அடைபட்டது.

எதிரே நின்ற நதிப்படை எப்படிப்பட்டது? 1795-இல் தூதராகப் போன மைக்கேல் சைம்ஸ் விவரமாக எழுதிவைத்திருக்கிறார். ஒரே தேக்கு மரத்தைக் குடைந்து, விரித்துச் செய்த படகுகள். 80 முதல் 100 அடி நீளம், அகலம் எட்டடியைத் தாண்டுவது அரிது. ஒவ்வொன்றிலும் 50, 60 துடுப்புக்காரர்கள். கெட்டியான முன்மூக்கில் ஒரு பீரங்கி. மன்னர் நினைத்தால் 500 படகுகளைத் திரட்ட முடியும் என்கிறார் அவர். ஆனால் 500 படகுக்கும் மன்னர் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. ஆற்றோர ஊர்கள் ஒவ்வொன்றும் தன் மக்கள்தொகைக்கு ஏற்பப் படகும் ஆளும் தரக் கடமைப்பட்டவை. படையை வைத்துக் காப்பதும் வரி வசூலிப்பதும் ஒரே ஏற்பாட்டில் அடங்கிவிட்டன. எந்த நிதி அமைச்சரும் பொறாமைப்படலாம்.

நூறடிக்கு எட்டடி என்பது பன்னிரண்டுக்கு ஒன்று என்ற விகிதம். இவ்வளவு ஒல்லியான படகு எழுப்பும் அலை சிறியது. அலை எழுப்புவதில் வீணாகும் சக்தியும் குறைவு. இதைச் சமன்பாடு எழுதாமலே பர்மியத் தச்சர்கள் கண்டிருந்தார்கள். இன்னொரு ஆயுதமும் அவர்களிடம் இருந்தது. ஏனாங்யாங் கிணறுகளில் ஊறிய கச்சா எண்ணெயைப் பானைகளில் நிரப்பி, மூங்கில் தெப்பங்களில் அடுக்கித் தீ மூட்டி, நீரோட்டத்தில் விடுவார்கள். தெப்பங்களைத் தொடராகப் பிணைத்திருப்பதால் நங்கூரமிட்ட கப்பலின் முன்பகுதியில் தட்டியதும் இரண்டு பக்கமும் வளைந்து ஒட்டிக்கொள்ளும். ஆற்றின் வேகமே எஞ்சின்.

இந்தப் படைக்கு எதிராக வந்தது ‘டயானா’. கல்கத்தாவின் கிதர்பூரில் 1823 ஜூலையில் தண்ணீரில் இறக்கப்பட்ட சிறிய நீராவிக் கப்பல். இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம், தலா 16 குதிரைத்திறனில் இரண்டு எஞ்சின்கள். போருக்காகக் கட்டியதல்ல. அதை வாங்கச் சொல்லி வற்புறுத்தியவர் ‘லார்ன்’ என்ற போர்க்கப்பலின் கேப்டன் பிரெடெரிக் மாரியட். பிற்காலத்தில் கடல் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்றவர். பிரிட்டிஷார் போரில் இறக்கிய முதல் நீராவிக் கப்பல் இதுதான்.

32 குதிரைத்திறன் என்றதும் நமக்குச் சிரிப்பு வரும். இன்றைய சின்ன காருக்கே அதைவிட அதிகம். பர்மியப் படகோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நல்ல துடுப்புக்காரர் ஒருவர் ஒரு சில நிமிடம் மூச்சைப் பிடித்து வலித்தால் 250 வாட் வரை தரலாம். அறுபது பேர் சேர்ந்தால் 15 கிலோவாட், சுமார் 20 குதிரைத்திறன். பருத்த உடம்போடு சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு வரும் டயானாவை ஓர் ஒல்லிப் படகு அந்த நேரத்தில் முந்திவிடக்கூடும். ஆனால் மணிக்கணக்கில் வலிக்கும்போது மனித உடம்பு ஆளுக்கு 75 வாட் அளவுக்கு இறங்கிவிடும்; அறுபது பேருக்கும் சேர்த்து ஆறு குதிரைத்திறன்தான். எஞ்சினுக்குக் களைப்பு கிடையாது. எதிரோட்டத்தில் ஓடிய போர்ப்படகுகளை டயானா விடாமல் துரத்தி, துடுப்புக்காரர்கள் சோர்ந்து விழுந்த பிறகு பிடித்ததாக ஆங்கிலேயர் குறிப்புகள் சொல்கின்றன. வேகத்தால் அல்ல, சலிக்காத ஓட்டத்தால் வந்த வெற்றி.

நீராவி எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 1825 மார்ச்சில் தனுபியூ கோட்டையை ஆற்றுவழி வந்த பிரிவு மட்டும் தாக்கித் தோற்றது. தரைவழி முன்னேறிப் போயிருந்த படைத்தலைவர் ஆர்ச்சிபால்டு காம்ப்பெல் திரும்பி வர வேண்டியதாயிற்று. ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மியத் தளபதி மகா பண்டுலா குண்டு பட்டு இறந்த பிறகே கோட்டை விழுந்தது. 1826 பிப்ரவரியில் யாண்டபோ உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை கம்பெனி பக்கம் இறங்கிய சுமார் 40,000 பேரில் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும். மன்றோவுக்கு பாரனெட் பட்டம் கிடைத்தது. செத்த சென்னைச் சிப்பாய்களுக்குத் தீவுத்திடலில் ஒரு கல்லாவது இருந்திருக்கலாம்.

அறுபது ஆண்டு கழித்து மூன்றாவது பர்மியப் போரில் ஐராவதி முழுக்கப் பிரிட்டிஷ் நீராவியின் கையில் இருந்தது. 1865-இல் தொடங்கிய ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி அரிசியும் தேக்கும் பயணிகளும் ஏற்றிச் சம்பாதித்துக்கொண்டிருந்தது. 1885 நவம்பரில் அந்த வணிகக் கப்பல்களையே வாடகைக்கு எடுத்து, சுமார் 9,000 பேரை ஏற்றிக்கொண்டு மாண்டலேக்குக் கிளம்பினார்கள். தலைமை தாங்கிய ஹாரி பிரெண்டர்காஸ்ட் சென்னையில் பிறந்தவர், சென்னைப் படையின் பொறியாளர் பிரிவில் வளர்ந்தவர். பர்மியர்களும் சும்மா இருக்கவில்லை. மன்னரிடம் இருந்த இத்தாலியப் பொறியாளர்கள் கொமோட்டோவும் மொலினாரியும் போட்ட திட்டம் அறிவியல்படி மிகச் சரியானது: கால்வாய்போல் ஒடுங்கும் இடத்தில் பாரமேற்றிய தோணிகளை மூழ்கடித்து வழியை அடைப்பது. பருவமழை முடிந்து ஆறு இறங்கிக்கொண்டிருந்த நேரம். வழி ஒருமுறை அடைபட்டால் கோடையில் வேறு வழி கிடைக்காது. ஆனால் தோணிகளை மூழ்கடிக்குமுன்னே பிரிட்டிஷ் படகுகள் இரண்டு வந்து மன்னரின் நீராவிக் கப்பலையும் தோணிகளையும் பிடித்துக்கொண்டு போய்விட்டன. நவம்பர் 28-ஆம் தேதி மாண்டலே கையில் வந்தது. தீபா மன்னரைக் கப்பலேற்றி முதலில் கொண்டுவந்து வைத்த ஊர் எது தெரியுமா? சென்னை. 1886 ஏப்ரலில்தான் இரத்தினகிரிக்கு அனுப்பினார்கள்.

அந்த ஒடுங்கிய வழியைப் பற்றி ஒரு வார்த்தை. அகலமான ஆற்றில் படகு போகக்கூடிய ஆழம் ஒரு நாடாபோலத்தான் இருக்கும். வளைவில் தண்ணீர் திரும்பும்போது மேல்நீர் வெளிக்கரையை நோக்கிப் பாய்ந்து கீழே இறங்கி, அடியோடு உள்கரைக்குத் திரும்புகிறது, திருகு சுற்றுவதுபோல். வெளிக்கரை அரிக்கப்பட்டு ஆழமாகும். அரித்த மணல் உள்கரையில் மேடாகும். ஆகவே ஆழமான தடம் ஒவ்வொரு வளைவிலும் கரை மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அது இடம்மாறவும் செய்யும். ஐராவதியில் மூங்கில் கழி நட்டு இந்தத் தடத்தைக் காட்டுவார்கள். முன்னால் ஒருவர் நின்று கழியால் ஆழம் அளந்துகொண்டே வருவார். தடம் தெரிந்த மாலுமிக்குப் பீரங்கியைவிட மதிப்பு அதிகம்.

1942-இல் ஜப்பானியர் வந்தபோது, உலகிலேயே பெரியது என்று பெயர்பெற்ற அந்த ஃப்ளோட்டில்லாவின் கப்பல்களில் பெரும்பாலானவற்றை எதிரி கையில் சிக்கக்கூடாதென்று அதன் ஆட்களே ஆற்றில் மூழ்கடித்தார்கள்.

சுதந்திர இந்தியா நதிப்போரைச் சந்தித்தது 1971-இல், வங்கதேச விடுதலைப் போரில். பிளாசிக்கு அருகே பாகீரதி ஆற்றங்கரையில் இந்தியக் கடற்படையினர் வங்காள இளைஞர்களுக்கு நீச்சலும் வெடிவைப்பும் கற்றுக்கொடுத்தார்கள். ஆகஸ்ட் 15 இரவு, கல்கத்தா வானொலியில் முன்பே பேசிவைத்த பாட்டு ஒலித்ததை அடையாளமாகக் கொண்டு, சட்டோகிராம், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் துறைமுகங்களில் அந்த இளைஞர்கள் காந்த வெடிகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நீந்திப் போய்க் கப்பல்களின் அடியில் ஒட்டினார்கள். எஞ்சினும் இல்லை, படகும் இல்லை. ஓதமும் ஓட்டமும் எந்த நேரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்ற கணக்கே ஆயுதம். பிறகு கல்கத்தாத் துறைமுகத்தின் பழைய படகுகள் இரண்டில் பீரங்கி பொருத்தி, பத்மா, பலாஷ் என்று பெயரிட்டார்கள். வங்கதேசக் கடற்படையின் முதல் கப்பல்கள் இவை. டிசம்பர் 10-ஆம் தேதி குல்னா அருகே, இந்திய விமானங்களே எதிரிப் படகுகள் என்று எண்ணி இரண்டையும் தாக்கி அழித்தன. கடலில் கப்பலுக்கு விலகி நிற்க இடம் உண்டு. ஆற்றில் நம் படகும் எதிரிப் படகும் ஒரே தடத்தில்தான் போயாக வேண்டும். மேலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்று.

இன்று நம் எல்லை ஆறுகளைக் காப்பது எல்லைப் பாதுகாப்புப் படையின் நீர்ப்பிரிவு. தட்டையான அடியும், சக்கரத்துக்கும் சுழலிக்கும் பதில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட் எஞ்சினும் இன்று பல நாட்டு நதிப்படைகளுக்கும் பழகிப்போன சாதனங்கள். ஆழத்தின் கணக்கு மட்டும் மாறவில்லை. சுந்தரவனத்து ஆறுகளில் நிலத்தில் சாவடி கட்ட இடமில்லாததால் மிதக்கும் சாவடிகளை நிறுத்தியிருக்கிறார்கள். கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான அவற்றில் மூன்று 2022 மே மாதம் பணியில் சேர்ந்தன. அவற்றின் பெயர்கள் சட்லெஜ், நர்மதா, காவேரி.